பழுதுப் பதிவுக்குள் என்ன நடக்கிறது? அரசு மருத்துவமனைக் கருவிகளை முன்வைத்து

2015-ல் தேசிய உயிர்மருத்துவக் கருவி பராமரிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, மத்திய சுகாதார அமைச்சகம் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. எந்த அரசு மருத்துவமனையில் என்ன கருவி இருக்கிறது, அது ஓடுகிறதா இல்லையா என்று. 29 மாநிலங்களில் 29,115 மருத்துவ நிலையங்கள், 7,56,750 கருவிகள், மதிப்பு ஏறத்தாழ 4,564 கோடி ரூபாய் என்று கணக்கு வந்தது. மாநிலத்தைப் பொறுத்து அவற்றில் 13 முதல் 34 சதவீதம் வரை வேலை செய்யாமல் கிடந்தன.

இதில் செய்தியாவது அந்த 34 சதவீதம்தான். எனக்கு அதைவிட உறுத்துவது, இதைத் தெரிந்துகொள்ளத் தனியாக ஒரு கணக்கெடுப்பே நடத்த வேண்டியிருந்தது என்பது. மருத்துவமனைகளில் ஸ்டாக் ரிஜிஸ்டர் எப்போதும் உண்டு. என்ன வந்தது, எப்போது வந்தது, என்ன விலை என்பதெல்லாம் அதில் இருக்கும். வந்த கருவி இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பது இருக்காது. பழுது பற்றிய தகவல் கடிதத்திலும் போன் பேச்சிலும் வார்டு சிஸ்டரின் நினைவிலும் சிதறிக் கிடந்தது. கூட்டிப் பார்க்கும்படி ஒரே இடத்தில் இல்லை.

அந்த இடத்தை உண்டாக்குவதற்காக வந்தவைதான் இப்போதைய பழுதுப் பதிவு முறைகள். ராஜஸ்தானில், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய ‘இ-உபகரண்’ அப்படிப்பட்ட ஒன்று. தமிழ்நாட்டில் மருந்துக் கொள்முதலுக்காக 1994-ல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் கருவிகளையும் கவனிக்கிறது. மாவட்டங்களில் பயோமெடிக்கல் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். பல மாநிலங்கள் பராமரிப்பை மொத்தமாகத் தனியார் நிறுவனத்திடம் ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கின்றன. அமைப்பு வேறாக இருந்தாலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண், அந்த எண்ணோடு ஒரு ஸ்டிக்கர். பழுதானால் போனிலோ கணினியிலோ ‘கம்ப்ளெயின்ட் போட’ வேண்டும். ஒரு கம்ப்ளெயின்ட் நம்பர் வரும். இன்ஜினியர் வருவார், பார்ப்பார், சரிசெய்வார், சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்குவார், பதிவு முடிக்கப்படும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பதிவுகளின் தரம் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தீர்மானமாகிறது: கருவியைப் பயன்படுத்துபவர் முதலில் எழுதும் ஒரு வரி, இன்ஜினியர் கடைசியில் எழுதும் ஒரு வரி. இரண்டுமே அவசரத்தில் எழுதப்படுபவை.

முதலில் எந்தக் கருவி என்ற கேள்வி. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரே மாதிரி ஆறு மானிட்டர்கள் இருக்கும். ‘மூணாவது பெட் மானிட்டர்’ என்று எழுதினால், இன்ஜினியர் வருவதற்குள் அது ஏழாவது படுக்கைக்குப் போயிருக்கலாம். கருவியின் பின்பக்கம் இருக்கிற ஸ்டிக்கர் எண்தான் நிலையானது. அந்த ஸ்டிக்கரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்தே எழுத்து அழிந்துபோவது வேறு விஷயம்.

எண்ணைச் சரியாக எழுதினாலும் சிக்கல் தீராது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கிளிப்பை எடுத்துக்கொள்வோம். வார்டில் அதைப் ‘புரோப்’ என்பார்கள். உள்ளே சிவப்பு விளக்கு எரியும். அதன் ஒயர் கிளிப்புக்குப் பக்கத்தில், மடங்கி மடங்கி, உள்ளே அறுந்துபோகும். ஒரு கோணத்தில் பிடித்தால் அளவு காட்டும், விட்டால் போய்விடும். வார்டில் என்ன செய்வார்கள்? பக்கத்துப் படுக்கையின் புரோபைக் கழற்றி இதில் மாட்டிப் பார்ப்பார்கள். உடனே சரியாகிவிடும். கெட்ட புரோப் பக்கத்து மானிட்டருக்குப் போய்விடும். அடுத்த ஷிஃப்டில் வருகிற சிஸ்டர் அந்த மானிட்டரைப் பற்றிக் கம்ப்ளெயின்ட் போடுவார். இப்போது கணினியில் இரண்டு மானிட்டர்கள் பழுது என்று இருக்கும். இரண்டுமே நன்றாக இருக்கின்றன. கெட்டுப்போன புரோபுக்குத் தனி எண்ணே கிடையாது. அதைக் கருவியாக யாரும் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். தளவாடப் பட்டியலைத் தயாரிப்பவர்கள் மதிப்பு குறைந்த துணைப் பொருள்களை விட்டுவிடுவது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் வார்டில் அன்றாடம் கெட்டுப்போவது அவைதான்: புரோப், இசிஜி லீட் ஒயர், ரத்த அழுத்தக் கஃப், பேட்டரி, சார்ஜர்.

அடுத்தது பழுது விவரம். எந்த மருத்துவமனைப் பதிவைத் திறந்தாலும் ‘நாட் ஒர்க்கிங்’ என்ற இரண்டு சொல் நிரம்பிக் கிடக்கும். அதை வைத்து இன்ஜினியர் ஒன்றும் செய்ய முடியாது. வெறுங்கையோடு வந்து பார்த்து, என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு, திரும்பிப் போய் எடுத்துவர வேண்டும். மாவட்டத் தலைநகரிலிருந்து மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர் இரண்டு தடவை அலைவதில் ஒரு வாரம் போய்விடும்.

இப்படி எழுதியிருந்தால்? ‘சிரிஞ்ச் பம்ப். கரண்டில் சரியாக ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கினால் இரண்டு நிமிடத்தில் அலாரம் அடித்து அணைந்துவிடுகிறது. சார்ஜ் விளக்கு எரிகிறது.’ படித்தவுடனே பேட்டரி என்று சந்தேகம் வரும். பையில் ஒன்றைப் போட்டுக்கொண்டே கிளம்பலாம். எழுதியவருக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண்டதை எழுதினால் போதும். டாக்டரிடம் போகிறவர் ‘சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் நெஞ்சு எரியுது’ என்றால் டாக்டருக்கு உதவும், ‘எனக்கு அல்சர்’ என்றால் உதவாது இல்லையா, அதே கதைதான். ‘போர்டு போயிடுச்சு’ என்று பயனரே தீர்ப்பு எழுதிவிட்டால் அந்தத் தீர்ப்பு பதிவில் ஒட்டிக்கொள்ளும். போர்டுக்கு விலை கேட்டு, ஒப்புதல் வாங்கி, ஆறு மாதம் கழித்து வந்து மாட்டினால், உண்மையில் போனது உள்ளே இருந்த ஒரு ஃபியூஸாக இருக்கும்.

திரையில் ஏதாவது எண்ணோ எழுத்தோ வந்தால் அதை அப்படியே எழுத வேண்டும். ‘எரர் வருது’ என்பது தகவலே இல்லை. இதை அற்ப விஷயமாக நினைப்பவர்கள் ‘தெராக்-25’ பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கனடாவின் ஏஇசிஎல் நிறுவனம் தயாரித்த கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி அது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்துவிட்டது. டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரின் புற்றுநோய் மையத்தில் 1986 மார்ச் 21 அன்று நடந்தது இதுதான். கருவியை இயக்கியவர் அனுபவசாலி, விசைப்பலகையில் வேகமானவர். எலக்ட்ரான் சிகிச்சைக்கான எழுத்துக்குப் பதிலாக எக்ஸ்ரே சிகிச்சைக்கான எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே கவனித்து, மேலே போய்த் திருத்தி, மளமளவென்று மற்ற வரிகளைக் கடந்து, கதிரைச் செலுத்தச் சொன்னார். ‘மால்ஃபங்ஷன் 54’ என்று திரையில் வந்தது. கையேட்டில் அந்த எண்ணுக்குப் புரியும்படி விளக்கம் இல்லை. சின்னச் சின்னப் பிழைச் செய்திகள் வருவதும் தொடர்வதும் அந்தக் கருவியில் வழக்கம்தான் என்பதால், தொடரும் விசையை அழுத்தினார். உள்ளே இருந்தவருக்கு மறுபடியும் கதிர் பாய்ந்தது. அவர் வலியில் துடித்ததை வெளியே யாரும் அறியவில்லை. அறையைக் காட்டும் திரையின் இணைப்பு அன்று கழன்றிருந்தது, ஒலி கேட்கும் கருவி பழுதாகிக் கிடந்தது. (பெரிய விபத்துகளின் விவரத்தைப் படித்தால், யாரும் பொருட்படுத்தாத இப்படியொரு சின்னப் பழுது அநேகமாகப் பக்கத்திலேயே இருக்கும்.)

ஏஇசிஎல்லின் இன்ஜினியர்கள் வந்து சோதித்தார்கள். 54 என்ற செய்தியை அவர்களால் வரவழைக்கவே முடியவில்லை. கருவி சரியாக இருக்கிறது என்று ஏப்ரல் 7 அன்று மறுபடி இயக்கத்துக்கு வந்தது. ஏப்ரல் 11 அன்று, கருவியை இயக்கியவர் அதே ஆள், அதே திருத்தம், அதே 54. இரண்டு நோயாளிகளும் பின்னர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவியை இயக்கியவரும் உட்கார்ந்து, அன்று என்னென்ன தட்டப்பட்டது என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். ரகசியம் வேகத்தில் இருந்தது. திருத்தத்தைச் சில விநாடிகளுக்குள் முடித்தால்தான் மென்பொருளின் பிழை வெளிப்படும். மெதுவாக, கவனமாகத் தட்டிச் சோதித்த இன்ஜினியர்களுக்கு அது வராமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

பழுதுப் படிவத்தில் ‘பழுதுக்குச் சற்றுமுன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்’ என்று ஒரு கட்டம் இருக்க வேண்டியது இதனால்தான். அதை நிரப்பக்கூடியவர் கருவியோடு இருந்தவர் மட்டுமே. படிவத்தை வடிவமைப்பவர்கள் இதற்கு இடம் வைப்பது குறைவு. வாங்கிய தேதி, வாரண்டி முடியும் தேதி, துறைத் தலைவர் பெயர் என்று அலுவலகத்துக்கு வேண்டியவை பத்துக் கட்டங்களில் இருக்கும். பழுதைச் சொல்ல ஒரு வரி.

வந்து போகிற பழுதுதான் எலக்ட்ரானிக் கருவிகளில் பெரிய தலைவலி. சூடேறினால் மட்டும் விட்டுப்போகும் சால்டர், காற்றில் ஈரம் ஏறினால் தப்புக் காட்டும் சென்சார், ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் ரீசெட் ஆகும் மெஷின் என்று பல வகை. இன்ஜினியர் வரும் நேரத்தில் எல்லாம் நன்றாக இருக்கும். ‘பழுது ஏதும் இல்லை’ என்று எழுதி முடித்துவிட்டுப் போவார். விமானத் துறையிலும் இதே தொல்லை உண்டு; விமானத்திலிருந்து கழற்றிப் பட்டறைக்கு அனுப்பும் பெட்டிகள் பல அங்கே சோதித்தால் குறையின்றி இருக்கும். அதனால்தான் ஒரே கருவிக்கு ‘பழுது இல்லை’ என்று மூன்று முறை பதிவாகியிருந்தால், அதை மூன்று பொய்ப் புகார் என்று எடுத்துக்கொள்ளாமல் தீராத ஒரே புகார் என்று எடுத்துக்கொள்வது நல்ல பராமரிப்புப் பிரிவின் வழக்கம். நேரத்தையும் சேர்த்துப் பதிந்திருந்தால், மூன்றும் இரவு எட்டு மணிக்கு மேல் வந்தவை என்று தெரியலாம். பிறகு மெஷினை விட்டுவிட்டுக் கட்டடத்தின் மின்னழுத்தத்தைப் பார்க்கலாம்.

சரி, இவ்வளவும் பதிவு செய்யப்பட்டால்தானே? பல பழுதுகள் கணினிக்கு வருவதே இல்லை. இன்ஜினியரின் போன் நம்பர் சிஸ்டரிடம் இருக்கும். ‘சார், இந்தப் பக்கம் வந்தா நம்ம வார்டுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க’ என்று ஒரு வார்த்தை. அவரும் வந்து, ஒயரை ஒட்டவைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். நல்ல மனசுதான், வேலையும் நடந்துவிட்டது. ஆனால் ஆண்டு முடிவில் அந்தக் கருவி ஒரு பழுதும் இல்லாத கருவியாகக் கணக்கில் நிற்கும். அடுத்த ஆண்டு ஸ்பேர் வாங்கும் பட்டியலில் அதற்கு ஒன்றும் இருக்காது. அதே மாடலில் இன்னும் ஐம்பது வாங்கலாம் என்று மேலே முடிவெடுத்தால் தடுக்க ஆதாரம் இருக்காது.

இன்னொரு காரணம் பயம். பொருளுக்குப் பொறுப்பாகக் கையெழுத்துப் போட்டிருப்பவர் இன்சார்ஜ் சிஸ்டர். புகாரை எழுத்தில் போட்டால் ‘எப்படி உடைஞ்சது, யார் உடைச்சது’ என்ற கேள்வி முதலில் அவரிடம்தான் வரும். அதனால் மூலையில் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்துவிடுவது அவருக்குப் பாதுகாப்பு. பழுதைப் பதிவு செய்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அலுவலகத்தில் எவ்வளவு நல்ல மென்பொருள் வாங்கிப் போட்டாலும் பயனில்லை என்பது என் கருத்து.

ஒப்பந்தக்காரருக்கும் பதிவாகாத பழுது வசதிதான். காரணம் கணக்கில் இருக்கிறது. தேசியத் திட்டத்தின்படி கருவிகள் இயங்கும் நேரம் மாவட்ட மருத்துவமனைகளில் 95 சதவீதம், சமுதாய சுகாதார நிலையங்களில் 90, ஆரம்ப சுகாதார நிலையங்களில் 80 சதவீதம் இருக்க வேண்டும். 95 என்றால் ஆண்டுக்குப் பதினெட்டு நாள் கருவி படுத்துக் கிடக்கலாம். 80 என்றால் 73 நாள். இந்த நாள்கள் எண்ணப்படுவது கம்ப்ளெயின்ட் நம்பர் விழுந்த நேரத்திலிருந்து. எப்போது கெட்டது என்பதற்கு அங்கே இடமில்லை. திங்கட்கிழமை கெட்டதை வெள்ளிக்கிழமை பதிந்தால் நான்கு நாள் யார் கணக்கிலும் வராது.

நிறுத்தும் இடத்திலும் விளையாட்டு உண்டு. ‘ஸ்பேருக்காகக் காத்திருப்பு’, ‘பயனர் தரப்பில் நிலுவை’ போன்ற நிலைகளில் கடிகாரம் நின்றுவிடும்படி மென்பொருளை அமைத்திருந்தால், கருவி மாதக்கணக்கில் கிடந்தாலும் அறிக்கை பச்சையாகவே இருக்கும். அப்புறம் சராசரி. நூறு கருவிகளில் தொண்ணூற்றொன்பது எடை மெஷினும் ரத்த அழுத்தக் கருவியும், ஒன்று வெண்டிலேட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வெண்டிலேட்டர் வருஷம் பூராவும் ஓடாவிட்டாலும், எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சராசரி போட்டால் 99 சதவீதம் வந்துவிடும். ஆகவே ஓர் ஆய்வுக் கூட்டத்தில் இயங்கு நேர சதவீதத்தைக் காட்டினால் கேட்க வேண்டியது, எந்தக் கருவிக்கு, எப்படிக் கணக்கிட்டது என்று.

இனி முடிக்கும் வரி. ‘சரிசெய்யப்பட்டது’ என்பதும் ‘நாட் ஒர்க்கிங்’ போன்றதே. என்ன காரணம், எதை மாற்றினார், எவ்வளவு நேரம் பிடித்தது, மாற்றியபின் அளவு சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்தாரா என்பவை இல்லாமல் அந்தப் பதிவிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. எழுதியிருந்தால் எவ்வளவு கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு நல்ல உதாரணம் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் ராபர்ட் மால்கினும் அவரோடு வேலை செய்தவரும், 11 நாடுகளில் வசதி குறைந்த 60 மருத்துவமனைகளிலிருந்து வந்த 2,849 பழுதுக் கோரிக்கைகளை எடுத்து ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு பாகம்கூட வரவழைக்காமல், அடிப்படையான 107 திறன்களை மட்டும் கற்ற ஒருவரால், ஓடாமல் கிடந்த கருவிகளில் 66 சதவீதத்தை மறுபடி ஓடவைக்க முடியும் என்று தெரியவந்தது. மின் இணைப்பு, பவர் சப்ளை, மோட்டார், குழாய் வேலை, சரியாகப் பொருத்திப் பயனருக்குச் சொல்லிக் கொடுப்பது போன்றவைதான் அந்தத் திறன்கள்.

அந்த எண்ணின் அர்த்தம் பெரியது. கருவிகள் கிடப்பதற்குக் காரணம் பாகம் கிடைக்காததும் கம்பெனிக்காரன் வராததும்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, பழுதுக் காகிதங்களின் குவியல் வேறு பதில் சொன்னது. டெக்னீஷியன்களுக்கு என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற பாடத்திட்டமே அதிலிருந்து கிடைத்தது. நம் மாநிலங்களின் பதிவுகளில் அந்த 2,849-ஐப் போலப் பல மடங்கு கோரிக்கைகள் சேர்ந்திருக்கும். முடிவு வரிகள் ஒழுங்காக இருந்தால் எந்த மாடலில் எந்தப் பாகம் எத்தனை மாதத்தில் போகிறது என்று டெண்டர் போடுபவருக்கே தெரியும்.

பழுதால் நோயாளிக்குப் பாதிப்பு ஏற்பட்டிருந்தால் மட்டும் வழி வேறு. அப்போது கம்ப்ளெயின்ட் போட்டால் போதாது. 2015 ஜூலை 6 அன்று தொடங்கிய இந்திய மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தெரிவிக்க வேண்டும். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. கருவியை அப்படியே ஓரமாக வைத்து ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டுவதுதான் முதல் வேலை. அவசரப்பட்டு ரிப்பேர் செய்துவிட்டால் என்ன நடந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாக, சரிசெய்யவே முடியாதவை. இவற்றை இனி உதவாதவை என்று கணக்கிலிருந்து நீக்குவதைக் ‘கண்டம்’ செய்வது என்பார்கள். ரிப்பேர் செலவு கருவியின் மதிப்பைத் தாண்டுகிறது, பாகம் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள், ஆயுள் முடிந்துவிட்டது என்று நிரூபித்துக் கமிட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். நிரூபிக்க என்ன இருக்கிறது? பழைய கம்ப்ளெயின்ட் நம்பர்களும் சர்வீஸ் ரிப்போர்ட்டுகளும்தான். அவை இல்லாத கருவி கணக்கில் இன்னும் நல்ல கருவி. தணிக்கைக்குப் பயந்து யாரும் அதைத் தள்ள மாட்டார்கள். அறை அறையாக நிரம்பியிருக்கும் பழைய மெஷின்களில் கணிசமானவை இப்படிக் காகிதத்தில் உயிரோடு இருப்பவை. 2016-ன் மின்னணுக் கழிவு விதிகள் கணினி, தொலைபேசி, குளிர்பதனப் பெட்டி போன்றவற்றோடு நின்றுவிட்டன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின் பட்டியலில், உடலுக்குள் பொருத்துபவையும் தொற்றுள்ளவையும் நீங்கலாக, மருத்துவக் கருவிகளும் சேர்ந்துவிட்டன. ஆகவே கண்டம் செய்த மானிட்டரைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட முடியாது. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். கொடுத்த ரசீதைக் கருவியின் எண்ணோடு இணைத்த பிறகுதான் அதன் பதிவைத் தரவுத்தளத்தில் மூடுவது சரி. அதுவரை அது ‘ஓடாத கருவி’ என்ற கணக்கில் இருந்துகொண்டேதான் இருக்கும்.